அச்சமும் மருட்கையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராசபாளையம் என்னும் ஊர் இருக்கின்றது. பஞ்சும் நூலும் அவ்வூரின் உயிர்நாடி. ஆலைச் சங்கின் ஒலியைக் கொண்டே அடுப்பு மூட்டிய இல்லங்கள் அங்குப் பல உண்டு. அவ்வூர் நூற்பாலை ஒன்றில் 40 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இன்றும் அங்கு வாழ்ந்து வருகின்றார். அகவை 80-ஐ நெருங்குகின்றது. செவி சற்றே மந்தம். கண்ணோ இன்னும் கூர்மை. அவருக்கு ஒரு விந்தையான விருப்பம் உண்டு. சிறு முதலைக் கொண்டு எடுக்கப்பெற்ற பேய்ப் படங்களையும் அறிவியற் கற்பனைப் படங்களையும் தேடித் தேடிப் பார்ப்பார். பார்த்தபின் அவற்றைப் பற்றி விடாது பேசுவார்.

“பொன்னைக் கொட்டி எடுத்த படத்தைப் பார்க்க ஊரே இருக்கிறது, பொத்தல் தெரியும் படத்தைப் பார்க்க ஒருவனாவது வேண்டாவா?” என்பது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி.

இவ்விருப்பம் அவர் சிறுவராயிருந்த நாளிலேயே வேரூன்றியது. ஊருக்கு வெளியே இருந்த கீற்றுக் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து, அவர் ‘காடு’ என்னும் படத்தைக் கண்டார். 1952-ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தார் அமெரிக்கப் படமுதலாளிகளுடன் கூடி எடுத்த படம் அது. வில்லியம் பெர்க்கு என்பார் இயக்கியது. மலைக்காட்டு யானைகள் மிரண்டோடி ஊர்களை அழிக்கின்றன. காரணம் அறியச் சென்ற குழுவினர், பண்டைக் காலத்தில் மாண்டொழிந்த மாமூத் என்னும் சடை யானைகள் அக்காட்டில் வாழ்வதைக் காண்கின்றனர். உண்மையில் அவை நம் நாட்டு யானைகளே. அவற்றின்மேல் மயிர்ப் போர்வையைப் போர்த்திப் படம் பிடித்துவிட்டனர்! கடைசி மாமூத்துகள் வடதுருவத்தை அடுத்த ராங்கல் தீவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் மடிந்தன என்பது அறிஞர் கூற்று. பனியில் வாழ்ந்த அவ்விலங்கைத் தென்னாட்டு வெயிலில் நடக்க விட்டவர்களின் துணிவை என்னென்பது!

சிறுவனுக்கு அந்தக் குறை அப்போது தெரியவில்லை. அடுத்த திருவிழாவில் யானையைக் கண்டபோது, அதன் முதுகில் நீண்ட சடை தொங்குவதாகவே அவன் கண்ணுக்குத் தோன்றியது. இன்று முதியவர் அதை நினைந்து சிரிப்பார். “அந்த யானையின்மேல் எனக்கு இரக்கந்தான் வருகிறது. கம்பளிக்குள் வெந்து போயிருக்கும். ஆனாலும் அதுதான் அந்தப் படத்தில் ஒழுங்காக நடித்தது” என்பார்.

ஆலையில் வேலைக்குச் சேர்வதற்குச் சிறிது முன்னர், 1963-இல், ‘கலை அரசி’ வெளிவந்தது. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். ககாரின் விண்வெளியை வலம் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதன் நிலவில் காலடி வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அந்த இடைவேளையில் ஒரு தமிழ்ப் படம் வேற்றுலகத்தாரைப் பூமிக்கு அழைத்து வந்தது. அறிவியலில் முதிர்ந்த அவர்கள் உலகில் இசையும் கலையும் இல்லை. ஆகவே பாடவல்ல பெண்ணொருத்தியைப் பூமியிலிருந்து கவர்ந்து செல்கின்றனர். விண்கலத்தின் விசைப் பலகையைக் கண்டு கொட்டகையிற் பலர் நகைத்தனர். ஆலையிற் சேர்ந்த பின்னரே அப்படத்தின் பொருள் தமக்கு விளங்கிற்று என்பார் முதியவர். எட்டு மணி நேரம் கதிர்கள் சுழலும் இரைச்சலுக்கிடையே நின்று, பக்கத்திலிருப்பவன் பேச்சும் கேளாமல், வெளியே வந்து தேநீர்க் கடையில் ஒரு பாட்டைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். பொறிகள் நிறைந்த உலகத்தார் ஒரு பாட்டுக்காகக் கடத்தல் செய்யவும் துணிவர் என்று எழுதியவர் சிறிதும் பிழை செய்யவில்லை என்பது அவர் தீர்ப்பு. அட்டையாற் செய்த கலத்திற்குள் இருந்த கருத்து அட்டையன்று.

இராசபாளையத்திற்கு வடக்கே, பேருந்தில் அரைமணி நேரப் பயணத்தில், திருவில்லிபுத்தூர் உள்ளது. 11 நிலைக் கோபுரம் 192 அடி உயர்ந்து நிற்கும் ஆண்டாள் திருப்பதி அது. அங்கே முதியவரின் தமக்கையை மணந்தவர் வாழ்கின்றார். தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். மைத்துனரைவிட ஏழெட்டு ஆண்டு மூத்தவர். இருவருக்கும் திரைப்படத்தைப் பற்றிய வழக்கு 50 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. திண்ணையே நீதிமன்றம், பால்கோவாவே வழக்குச் செலவு.

“மாப்பிள்ளை, பேயை நம்பாதே என்று பள்ளியிலே பகலெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். இரவிலே நீங்கள் பேயைக் காட்டிக் காசு வாங்கும் கொட்டகைக்குக் கூட்டிப் போகிறீர்கள். என் உழைப்பு என்ன ஆவது?” என்று ஆசிரியர் தொடங்குவார்.

“அத்தான், பேயைப் படைத்தவர்கள் கொட்டகைக்காரர்களா? பரணி பாடிய புலவர் என்ன செய்தார்?” என்று மைத்துனர் மடக்குவார்.

இது வலிய வாதந்தான். சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திற் கூழ் சமைத்து உண்கின்றன. மணிமேகலையில், சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் பேய் ஆடக் கண்டு அஞ்சி உயிர் விடுகின்றான். காரைக்கால் அம்மையார் பேய் வடிவை வேண்டிப் பெற்றார். எனவே தமிழிலக்கியத்தை நன்கறிந்த ஒருவர் பேயை முற்றும் ஒதுக்குதல் அரிது. ஆசிரியரும் அதனை அறிவார். ஆகவே தொல்காப்பியத்திற்குச் செல்வார். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்றும், வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்றும் அந்நூல் வகுக்கின்றது. பேய்ப் படம் முன்னதன்பாற்படும். விண்கலமும் காலப் பொறியும் காட்டும் படம் பின்னதன்பாற்படும். ஒன்று மிகப் பெரிதாதலும், ஒன்று மிகச் சிறிதாதலும், ஒன்று மற்றொன்றாய் மாறுதலும் இல்லாத அறிவியற் கற்பனைப் படம் உலகில் உண்டோ? இவ்வளவு தூரம் வந்தபின் ஆசிரியர் தம் கட்சியை மறந்து, மைத்துனருக்கே துணையாய்ப் பேசிக்கொண்டிருப்பதை உணர்ந்து, பால்கோவாவை நாடுவார்.

அவர் மறவாமற் கூறும் சான்று ஒன்று உண்டு. 1951-இல் வந்த ‘மர்மயோகி’க்குத் தணிக்கைக் குழுவினர் வயதுவந்தோர் மட்டும் காணத்தக்கது எனச் சான்றிதழ் அளித்தனர், தமிழ்ப் படங்களுள் அவ்வகைச் சான்றிதழ் பெற்றது அதுவே முதன்முறை என்பர். காரணம், அதில் உலவிய பேயுருவம். படத்தின் முடிவிலோ பேயென்று கண்டது பேயன்று என்பது தெரிகின்றது. “பேய் இல்லை என்று மெய்ப்பித்த படத்தைக் குழந்தைகள் பார்க்கக் கூடாது என்றார்கள்!” என்று ஆசிரியரே வியந்து கொள்வார்.

இவ்வாறு நகையாடித் திரிந்த வழக்கு ஒருமுறை நகையற்றுப் போயிற்று.

‘ஜகன்மோகினி’ என்னும் தெலுங்குப் படம் 1978-இல் வெளிவந்து, தமிழிலும் மொழிமாற்றப் பெற்று ஊர்தோறும் ஓடியது. அதனை இயக்கிய விட்டலாச்சாரியார் உடுப்பியிற் பிறந்தவர். சிக்கனத்திற்கும் மாயக் காட்சிகளுக்கும் ஒருங்கே பேர் பெற்றவர். எலும்புக்கூடுகள் ஆடும், தலைகள் பறக்கும், மந்திரவாதி கையை நீட்டினால் நெருப்பு வரும். கயிறு தெரிந்தாலும் அவர் கவலைப்படுவதில்லை, காண்பவரும் கவலைப்படுவதில்லை. அப்படத்திற் பேயாகிய பெண் சமையல் செய்கின்றாள். விறகு இல்லை. அவள் தன் கால்களையே அடுப்பினுள் நீட்டி எரியவிட்டுச் சமைக்கின்றாள். தென்னாட்டில் அக்காட்சியை அறியாத அந்நாளைய சிறுவர் இலர் எனலாம்.

1984-ஆம் ஆண்டில் அப்படம் மீண்டும் கீற்றுக் கொட்டகைக்கு வந்தது. தந்தை தம் ஒன்பது வயது மகளை இரவுக் காட்சிக்கு அழைத்துச் சென்றார். திரும்பும்போது அவள் அவர் தோளிலேயே உறங்கிவிட்டாள். விடிந்தபோது அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு நாள் சென்றும் காய்ச்சல் தணியவில்லை, பிதற்றலும் தொடங்கியது. “பிள்ளை பயந்திருக்கிறாள். நடுச்சாமத்தில் கண்மாய்க் கரை வழியே தூக்கிக்கொண்டு வந்தாயே, அதன் வினை இது” என்றார் பாட்டியார். கோடாங்கி வரவழைக்கப்பட்டார். உடுக்கை அதிர்ந்தது, திருநீறு பறந்தது. “நீ யார்? எங்கிருந்து வந்தாய்?” என்று வினவினார் கோடாங்கி. வினா மீண்டும் மீண்டும் வந்தது. உடுக்கை செவியருகே இன்னும் உரத்து ஒலித்தது. களைத்துப்போன குழந்தை கடைசியில், “மோகினி” என்றாள்.

வீடு நடுங்கிற்று. தந்தையின் உள்ளம் அதனினும் நடுங்கிற்று. பேயை அவர் நம்பியவரல்லர். ஆயினும் அந்தப் பெயரைத் தம் மகளின் வாயில் வைத்தது தாம் வாங்கிக் கொடுத்த அனுமதிச் சீட்டே என்று எண்ணினார்.

செய்தி கேட்டுத் திருவில்லிபுத்தூரிலிருந்து ஆசிரியர் அன்று மாலையே வந்தார். எவரிடமும் ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் நெற்றியிற் கை வைத்துப் பார்த்தார். நாவை நீட்டச் சொல்லிப் பார்த்தார். போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துக் குடற்காய்ச்சல் என்றனர். டைபாய்டு என்று இன்று எல்லாரும் சொல்வது அதனைத்தான். மூன்று வாரம் கிடந்து குழந்தை எழுந்தாள். மருத்துவமனைத் திண்ணையில் ஆசிரியர் ஒரே ஒரு முறை வாய் திறந்தார்: “இன்னும் இரண்டு நாள் தாழ்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும், மாப்பிள்ளை?”

தந்தை விடை கூறவில்லை. அதன்பின் 28 ஆண்டுகள் அவர் எந்தப் பேய்ப் படத்தையும் பார்க்கவில்லை. திண்ணை வழக்கும் நின்றது. வேறு பேசினர், மழையைப் பற்றிப் பேசினர், நூல் விலையைப் பற்றிப் பேசினர். ஆசிரியருக்கும் அவ்வெற்றி இனித்ததாகத் தெரியவில்லை.

மகள் வளர்ந்து இயற்பியல் பயின்று ஆசிரியையானாள். 2012-இல் ‘பீட்சா’ என்னும் படம் வந்தது. கார்த்திக் சுப்பராஜ் இயக்கிய முதற்படம் அது. தொலைக்காட்சிப் போட்டிக்குக் குறும்படம் எடுத்துப் பழகிய இளைஞர் அவர். நாயகராகிய விசய் சேதுபதியோ இராசபாளையத்திற் பிறந்து, இளமைப் பருவத்தை அங்கே கழித்தவர். ஊரார் தம் ஊர்ப் பிள்ளை நடித்த படம் என்று திரண்டனர். தந்தை மட்டும் வீட்டிலிருந்தார்.

“வாருங்கள் அப்பா, போய் வருவோம்” என்றாள் மகள்.

“அது பேய்ப் படம் அம்மா.”

“தெரிந்துதான் அழைக்கிறேன்.”

சென்றனர். பூட்டிய மாளிகையில் இரவில் அகப்பட்டுக்கொண்ட ஒருவன். அவன் கையில் ஒரு கைவிளக்கு. படத்தின் பெரும்பகுதிக்கு வேண்டிய பொருள் அவ்வளவே. விளக்கொளி விழும் இடத்தைவிட விழாத இடத்தையே காண்பவர் கண் தேடுகின்றது. அதன் முடிவை இங்குக் கூறுதல் இன்னும் காணாதவர்க்கு இழைக்கும் தீங்காகும். பேயைப் பற்றிய பேச்சு எவ்வாறு பிறக்கின்றது, எவருக்குப் பயன்படுகின்றது என்பதே அதன் உட்பொருள் என்று கூறி அமையலாம். திரும்பி நடக்கையில் தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “உனக்கு அச்சமாயில்லையா?” என்று கேட்டார். அவர் கேட்டது அன்றைய படத்தைப் பற்றியன்று என்பது மகளுக்குத் தெரிந்தது.

“அப்பா, அந்தக் கால் எரிகிற காட்சியைப் பார்த்து நான் சிரித்தேனே, உங்களுக்கு நினைவில்லையா? எனக்குத் தலைவலியும் குளிரும் முந்தின நாளே தொடங்கிவிட்டன. சொன்னால் படத்திற்கு அழைத்துப் போகமாட்டீர்கள் என்று மறைத்துவிட்டேன். நான் அஞ்சியது உடுக்கைக்குத்தான். ஏதாவது ஒரு பெயர் சொன்னால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. தெரிந்த பெயரைச் சொன்னேன்.”

தெருவிளக்கின்கீழ் முதியவர் நின்றுவிட்டார். “இதை ஏன் அம்மா இத்தனை நாளும் சொல்லவில்லை?” என்றார். “நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லையே” என்றாள் அவள்.

அன்று தொடங்கி அவர் இழந்த காலத்தை வட்டியுடன் ஈட்டி வருகின்றார். மகளின் கணினியில் வெளிநாட்டுப் படங்களும் அவருக்குக் கிடைத்தன. 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ என்னும் அமெரிக்கப் படத்தை அவர் பெரிதும் மதிக்கின்றார். பெண்ணொருத்தி இரவில் தனியே நடக்கின்றாள். பின்னே காலடி ஓசை கேட்கின்றது. பிறகு அதுவும் நிற்கின்றது. திடீரென்று ஒரு சீற்றம். வந்தது புலியன்று, பேருந்து! விலங்கைக் காட்டப் பணமில்லாமையே அப்படத்திற்கு வாய்த்த பேறு என்பார். 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ ஏறத்தாழ 1,14,000 டாலரில் எடுத்த நடைப்பிணப் படத்தில் இரத்தமாய் வழிந்தது சாக்கலேட்டுப் பாகு. தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனமையால் அப்படம் பொதுச் சொத்தாயிற்று; எடுத்தவர் இழந்தார், உலகம் பெற்றது. எட் வுட்டு என்பாரின் ‘பிளான் 9’ படத்தில், பெலா லுகோசி என்னும் நடிகர் முன்னரே இறந்துவிட்டமையால், வேறொருவர் போர்வையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவராக உலவுகின்றார். இதைக் கண்டு முதியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆயினும் இறந்த நண்பரை விட்டுவிட மனம் வராதவன் செய்த வேலை அது என்று வாதிடுகின்றார். அது முற்றும் ஏற்கத்தக்கதன்று.

அறிவியற் கற்பனையில் அவர் மகளே வழிகாட்டி. 7,000 டாலரில் எடுக்கப்பெற்று 2004-இல் சன்டான்சு விழாவில் முதற்பரிசு பெற்ற ‘பிரைமர்’ படத்தை இருவரும் மூன்று முறை பார்த்தனர். மகள் தாளில் கோடிட்டுக் காலப் பயணத்தை விளக்கினாள், தந்தைக்கு விளங்கவில்லை. அவருக்கு உகந்தது 2015-இல் இரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’. வருங்காலத்திலிருந்து காலப் பொறி வந்து சேருகின்றது. அதனைப் பெற்ற இளைஞர் இருவர் என்ன செய்கின்றனர்? காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லும் சோதிடக் கடை நடத்துகின்றனர்! “நம் ஊரில் அப்படி ஒரு பொறி வந்தால் முதலில் நடப்பது அதுதான். எடுத்தவன் ஊரை அறிந்தவன்” என்று அவர் பாராட்டுவார். செலவிட்டிருந்தால் மட்டும் இந்தக் கருத்து வந்துவிடுமா என்பது அவர் வினா.

எல்லாப் படத்தையும் அவர் போற்றுபவர் என்று எண்ணுதல் தவறு. வறுமையைப் பொறுப்பார், சோம்பலைப் பொறார். அச்சம் வரவேண்டிய இடத்தில் வெறும் ஓசையை வைத்துச் செவியை அறையும் படங்களை அவர் உடுக்கைப் படங்கள் என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டார். அப்பெயரின் காரணத்தை வீட்டார் அறிவர். அவர் துணைவியாரின் குற்றச்சாட்டு வேறு: “உயிரோடு இருந்தபோது ஒருவரும் காதுகொடுத்துக் கேட்காத பெண், செத்துப் பேயான பிறகுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு படத்திலாவது அவள் சாகுமுன் யாராவது கேட்கக் கூடாதா?” இதற்கு முதியவரிடம் மறுமொழி இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் மகள் இருவரையும் திருவில்லிபுத்தூர் வீட்டிற் கூட்டினாள். கைப்பேசியிற் பழைய ‘ஜகன்மோகினி’யை வைத்து அதனைச் சுவரோரம் சாய்த்தாள். ஆசிரியர் அப்படத்தைக் கண்டதே இல்லை. காணாமலேயே அதன்மேல் வழக்குத் தொடுத்திருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அடுப்பில் கால்கள் எரிந்தன. ஆசிரியரின் தோள் குலுங்கிற்று. சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று.

“மாப்பிள்ளை, பரணியிலே கூழ் காய்ச்சின பேய்களுக்கு இந்த உபாயம் தெரியவில்லையே!” என்றார். பின்னர் மருமகளின் பக்கம் திரும்பினார். “அன்றைக்கு இதைப் பார்த்துத்தான் சிரித்தாயா, தாயே?”

“ஆமாம் மாமா.”

“சரி, சற்றுப் பின்னே தள்ளி அந்தக் காட்சியை மறுபடியும் வை” என்றார் ஆசிரியர்.